கண் மதிப்பும் அடிமட்டமும்

நத்தார் நெருங்கும்போது மட்டக்களப்பில் பன்றி வியாபாரம் சூடுபிடிக்கும். கொட்டில் வேலியில் கை வைத்தபடி வியாபாரி பன்றியை ஒரு சுற்றுப் பார்க்கிறார். முதுகைத் தட்டுகிறார். பின்தொடையைப் பிடித்துப் பார்க்கிறார்.

“அறுபது கிலோதான் தேறும் அக்கா.”

“எழுபதுக்குக் குறையாது தம்பி. எட்டு மாதம் தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்தது.”

பன்றி உயிரோடு நிற்கிறது. உள்ளே எவ்வளவு சதை, எவ்வளவு கொழுப்பு என்பதை இருவரும் கண்டதில்லை. ஆனாலும் இரண்டு எண்கள் வந்துவிட்டன. இரண்டுக்கும் நடுவே எங்கோ விலை படிந்துவிடும். இப்படியொரு பேரத்தைப் பார்த்த எவருக்கும் எழக்கூடிய கேள்விதான் இந்த அத்தியாயம்: வெட்டாமல் உள்ளிருப்பதை எப்படி அறிவது? இரண்டு ஆட்களோ இரண்டு கருவிகளோ வெவ்வேறு எண்ணைச் சொன்னால் எதை நம்புவது?

இலங்கையில் பன்றி வளர்ப்பின் மையம் மட்டக்களப்பு அல்ல. புத்தளம், சிலாபம் தொடங்கிக் கம்பஹா வரை நீளும் மேற்குக் கரையோரத்திலேதான் நாட்டின் பெரும்பாலான பன்றிகள் வளர்கின்றன. இங்கே, மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அது வீட்டோடு சேர்ந்த சிறு தொழில். ஒருவர் ஒரு தடவையில் விற்பது ஒன்றோ இரண்டோதான். அளவையின் அறிவியலில் இந்தச் சின்ன எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பிறகு ஆறு பன்றிகளின் கணக்கில் பார்ப்போம்.

எடை என்றால் எந்த எடை?

பல சண்டைகள் அளவில் வருபவை அல்ல. எதை அளக்கிறோம் என்பதில் வருபவை. காலையில் வயிறு நிறையத் தின்ற பன்றியும், முதல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்த அதே பன்றியும் ஒரே எடை காட்டாது. ஒரு நாள் பட்டினியில் நான்கைந்து சதவீதம் குறையும். குறைவது சதை அல்ல. பெரும்பகுதி குடலில் இருந்ததும் உடலின் நீரும்தான். வளர்த்தவர் தீனி போட்டபின் நிறுக்க விரும்புவதும், வியாபாரி பட்டினி போட்டபின் நிறுக்க விரும்புவதும் இதனால்தான்.

அறுத்து, மயிர் களைந்து, குடலையும் உள்ளுறுப்புகளையும் எடுத்தபின் கொக்கியில் தொங்கும் உடலை இந்த அத்தியாயத்தில் ‘வெட்டுடல்’ என்று அழைப்போம். உயிர் எடையில் ஏறத்தாழ 70 முதல் 78 சதவீதம் வெட்டுடலாகத் தேறும். இந்த இடைவெளியே பெரியது. தலையைச் சேர்த்து நிறுத்தார்களா, அடிவயிற்றுக் கொழுப்பை எடுத்தபின் நிறுத்தார்களா என்பதைப் பொறுத்தே சில கிலோ மாறிவிடும். சூட்டோடு நிறுத்தால் ஓர் எடை. ஓரிரவு குளிரூட்டியில் தொங்கவிட்டு நிறுத்தால், ஈரம் உலர்ந்து, சுமார் 2 சதவீதம் குறைந்த எடை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நாக்கு, மயிர், குளம்பு, சிறுநீரகம், வயிற்றுக் கொழுப்பு, உதரவிதானம் எல்லாம் நீங்கிய உடலைத்தான் நிறுக்க வேண்டும். கழுத்தில் கத்தி வைத்து 45 நிமிடத்துக்குள் நிறுத்துவிட வேண்டும். அந்தச் சூட்டு எடையில் 2 சதவீதத்தைக் கழித்தால் குளிர்ந்த எடை. கருவியைப் பற்றி ஒரு சொல் பேசுமுன் எதை அளக்கிறோம் என்பதை இவ்வளவு கறாராக வரையறுத்திருக்கிறார்கள். நம் கொட்டிலடியில் “தேறும்” என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அக்கா ஓர் எடையையும் தம்பி இன்னோர் எடையையும் நினைத்திருக்கக்கூடும்.

நாடா சொல்லும் எடை

தராசு இல்லாத இடத்தில் தையற்காரரின் அளவு நாடாவே தராசாகலாம். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சுச் சுற்றளவு. காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். இரண்டையும் மீற்றரில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, கடைசியில் 69.3 ஆல் பெருக்கினால் கிலோ வரும். பன்றியின் உடம்பு கிட்டத்தட்ட உருளை வடிவம். உருளையின் கொள்ளளவு தெரிந்தால் எடையும் தெரியும். இதற்குள் வேறு மந்திரம் இல்லை.

அக்காவின் பன்றிக்கு நெஞ்சளவு 1 மீற்றர் 5 சென்ரிமீற்றர், நீளம் 1 மீற்றர் 10 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். கணக்கு 84 கிலோ என்கிறது. வெட்டுடல் 74 சதவீதம் என்றால் 62 கிலோ. ஆனால் நாடாவைத் தளரப் பிடித்து, நெஞ்சளவு 3 சென்ரிமீற்றர் கூடிவிட்டால் அதே பன்றி 89 கிலோ ஆகிவிடும். பன்றி தலையைத் தூக்கினாலே, ஒரு காலை முன்வைத்தாலே அளவு மாறும். ஆகவே நாடா உதவாது என்று தள்ளவேண்டியதில்லை. பன்றி நேராக நிற்கும்போது இரண்டு மூன்று தடவை அளந்து நடு எண்ணை எடுத்தால் நாடா நல்ல துணை. உள்ளே கொழுப்பு எவ்வளவு என்பதை மட்டும் அது ஒருபோதும் சொல்லாது.

787 பேரின் கண்

கண் மதிப்பை இளக்காரமாக எண்ணவும் கூடாது. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு கொழுத்த எருதை நிறுத்தி, அறுத்துச் சீர்செய்தபின் அது எத்தனை இறாத்தல் இருக்கும் என்று போட்டி வைத்தார்கள். அங்கேயும் கேள்வி உயிர் எடை அல்ல, வெட்டுடல் எடைதான். சரியாக நிரப்பப்பட்ட 787 சீட்டுகளைப் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் வாங்கி ஆராய்ந்தார். எல்லா ஊகங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நின்ற எண்ணை எடுத்தபோது அது 1207 இறாத்தல். உண்மை எடை 1198. ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது அதன் மறுபாதி. நடுவில் நின்ற பாதிப் பேரின் ஊகம் 1162-க்கும் 1236-க்கும் இடையே இருந்தது. மற்றப் பாதிப் பேர், அதாவது ஏறத்தாழ 400 பேர், அந்த எல்லைக்கும் வெளியே. கூட்டம் சரியாகச் சொன்னது; தனி ஆள் அப்படிச் சொன்னார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொட்டில் வேலிக்கு வெளியே வந்து நிற்பது 787 பேர் அல்ல, ஒரே ஒருவர்.

ஏன் முதுகை அளக்கிறார்கள்?

ஒரே எடையுள்ள இரண்டு வெட்டுடல்களின் பெறுமதி ஒன்றாக இருப்பதில்லை. 62 கிலோ உடலில் 55 சதவீதம் சதை என்றால் 34 கிலோ. 45 சதவீதம் என்றால் 28 கிலோ. ஆறு கிலோ வித்தியாசத்தைத் தராசு காட்டாது. ஆகவே சதையின் பங்கை ஊகிக்க ஓர் அடையாளம் வேண்டும்.

பன்றி தன் கொழுப்பில் பெரும்பகுதியைத் தோலுக்கு அடியிலேயே சேர்த்து வைக்கும் விலங்கு. அது அளப்பவருக்குப் பெரிய வசதி. முதுகில் ஓரிடத்தில் கொழுப்பின் தடிப்பை அளந்தால் உடல் முழுவதன் கொழுப்புக்கும் அது குறிப்புத் தரும். பிரித்தானியர் தேர்ந்தெடுத்த இடம் கடைசி விலாவின் நேரே, முதுகின் நடுக்கோட்டிலிருந்து ஆறரை சென்ரிமீற்றர் தள்ளி. அந்த இடத்தில் 12 மில்லிமீற்றர் என்றால் மெலிந்த உடல். 25 என்றால் கொழுத்தது.

உயிருள்ள பன்றியில் இதை முதலில் செய்துகாட்டியவர்கள் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த ஹேசலும் கிளைனும். 1952-இல் அவர்கள் வெளியிட்ட முறை வியக்கத்தக்க எளிமை கொண்டது. பன்றியின் முதுகுத் தோலில் சிறு கீறல், அதன் வழியே ஒடுங்கிய உலோக அடிமட்டம். கொழுப்பைத் தாண்டிச் சதையை முட்டும் இடத்தில் அது தடைப்படும். அங்கே நின்ற கோட்டைப் படித்தால் போதும். பிறகு மீயொலி ஸ்கேன் வந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தையைக் காட்டும் அதே ஒலி, கொழுப்பும் சதையும் சந்திக்கும் எல்லையில் எதிரொலித்துத் திரும்பும், கீறல் வேண்டாம். அதன்பின் வெட்டுடலில் குத்தி, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கொண்டு வெள்ளைக் கொழுப்பையும் சிவந்த சதையையும் பிரித்தறியும் துளைகோல்கள் வந்தன. டென்மார்க்கின் ஆட்டோஃபோம் என்ற இயந்திரத்தில் 16 மீயொலி உணரிகள் வளைவாக அமைந்திருக்கும். தொங்கும் உடல் அவற்றின் மேல் இழுபட்டுப் போகையிலேயே முழு முதுகும் படமாகிவிடும்.

இதே காலத்தில் ஜேர்மனியின் சிறு மடுவங்களுக்கென்று ஒரு முறை நிலைத்தது. அதன் பெயரே ‘இரு புள்ளி’ முறை. நடுவே பிளந்த உடலின் இடுப்புப் பகுதியில் ஒரு தசை முட்டை வடிவில் தெரியும். அதற்கு மேலே தோலோடு சேர்த்துக் கொழுப்பு மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் ஓர் அளவு. அந்தத் தசையின் முன்முனையிலிருந்து முதுகெலும்புத் துளையின் மேல்விளிம்பு வரை இன்னோர் அளவு. வேண்டியது ஓர் அடிமட்டம் மட்டுமே. உடலை நடுக்கோட்டில் கோணாமல் பிளந்திருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

ஆறு பன்றிகள்

இப்போது நம் முக்கியக் கணக்கு. எண்களை விளக்கத்துக்காக நானே அமைத்திருக்கிறேன்; அளவுமுறைகள் உண்மையில் எப்படிப் பிசகுமோ அப்படியே இவையும் பிசகும்.

ஆறு பன்றிகள். ஒவ்வொன்றின் முதுகுக் கொழுப்பையும் மூன்று விதமாக அறிகிறோம். உயிரோடு நிற்கையில் வியாபாரியின் கண் மதிப்பு, அடுத்து ஸ்கேன், அறுத்தபின் கடைசி விலாவின் நேரே அடிமட்டம். எல்லாம் மில்லிமீற்றரில்:

அடிமட்டம்: 12, 15, 18, 20, 24, 30

ஸ்கேன்: 10, 13, 15, 17, 20, 25

கண்: 14, 12, 20, 18, 27, 28

அடிமட்டத்தை இப்போதைக்கு உண்மை என்று வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதோடு ஒப்பிடுவோம். முதலில் சராசரி. அடிமட்டத்தின் ஆறு எண்களையும் கூட்டினால் 119. கண்ணின் எண்களைக் கூட்டினாலும் 119. ஸ்கேனுக்கு 100 மட்டுமே. சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்தான் சிறந்தது, ஸ்கேன் வீண் செலவு என்று முடிவு கட்டிவிடுவார்.

இனி ஒவ்வொரு பன்றியாகப் போவோம். ஸ்கேனின் பிசகு முறையே 2, 2, 3, 3, 4, 5 மில்லிமீற்றர். எல்லாமே குறைவாகக் காட்டும் பிசகு; கொழுப்புக் கூடக் கூடப் பிசகும் கூடுகிறது. இப்படி ஒரே பக்கமாகச் சரியும் பிழையைச் ‘சாய்வு’ என்போம். சாய்வு வரக் காரணங்கள் உண்டு. பன்றியின் முதுகுக் கொழுப்பு ஒரே படலம் அல்ல. நடுவே மெல்லிய சவ்வு பிரிக்கும் இரண்டு, சிலவேளை மூன்று அடுக்குகள். சவ்விலிருந்து வரும் எதிரொலியைச் சதையின் எல்லை என்று எடுத்துக்கொண்டால் அளவு குறையும். ஸ்கேன் முனையை அழுத்திப் பிடித்தாலும் குறையும். நாலு காலில் நிற்கும் உடலும் பின்காலில் தொங்கும் உடலும் ஒரே மாதிரி இழுபடுவதில்லை என்பதும் உண்டு.

காரணம் எதுவானாலும் சாய்வைச் சரிசெய்துவிடலாம். ஸ்கேன் சொல்லும் எண்ணோடு அதன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள்: 12, 15.6, 18, 20.4, 24, 30. அடிமட்டத்தோடு ஒரு மில்லிமீற்றருக்குள் ஒட்டிவிட்டது. (இந்த ஐந்தில் ஒரு பங்கை வேறு ஆறு பன்றிகளில் போட்டுச் சோதிக்காமல் நம்பக்கூடாது. பார்த்த பன்றிகளில் பொருந்துவது எளிது. பாராதவற்றில் பொருந்துவதுதான் சோதனை.)

கண்ணின் பிசகு வேறு வகை. முதல் பன்றிக்கு 2 கூட, இரண்டாவதற்கு 3 குறைய, அடுத்தது 2 கூட, 2 குறைய, 3 கூட, 2 குறைய. கூட்டினால் பூச்சியம். இதைச் ‘சிதறல்’ என்போம். சிதறலுக்கு மருந்து இல்லை. எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று சொல்ல வழியில்லை. அடுத்த பன்றிக்குப் பிசகு எந்தப் பக்கம் போகும் என்பது யாருக்கும் தெரியாது.

இதைப் பணத்தில் பார்ப்போம். கொழுப்பு 19 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெட்டுடல் கிலோவுக்கு 50 ரூபா குறைப்பு என்று வைத்துக்கொள்வோம். அடிமட்டப்படி குறைப்பு வாங்கவேண்டியவை நான்காம், ஐந்தாம், ஆறாம் பன்றிகள். கண்ணின்படி மூன்றாம், ஐந்தாம், ஆறாம் பன்றிகள். இரண்டு விதத்திலும் மூன்று பன்றிக்குத்தான் குறைப்பு. ஆறையும் வாங்கும் வியாபாரிக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அவர் ஏமாற்றவும் இல்லை. ஆனால் மூன்றாம் பன்றியை வளர்த்தவர், 62 கிலோவுக்கு, 3100 ரூபாவை இழந்துவிட்டார். நான்காம் பன்றியை வளர்த்தவருக்கு அது சும்மா கிடைத்தது.

இங்கேதான் ஒன்றிரண்டு விற்பவருக்கும் நூறு விற்பவருக்கும் வழி பிரிகிறது. சாய்வு இல்லாத சிதறல் எண்ணிக்கையில் கரையும்: நான்கு பன்றியின் சராசரியில் பிழை பாதியாகும், நூறு பன்றியின் சராசரியில் பத்தில் ஒரு பங்காகும். மேற்குக் கரையோரத்தின் பெரிய பண்ணைக்காரருக்கு ஒரு பன்றியில் போனது இன்னொரு பன்றியில் வந்துவிடும். வாவிக்கரையில் நத்தாருக்கு ஒரே பன்றியை விற்கும் குடும்பத்துக்குச் சராசரி என்ற பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்கு வேண்டியது சராசரியில் சரியான முறை அல்ல, ஒவ்வொன்றிலும் சரியான முறை. பணக்காரப் பண்ணையைவிட ஏழை வீட்டுக்கே நல்ல அளவை அதிகம் தேவை என்று நான் உறுதியாகச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சேர்ந்து ஏறினால் போதுமா?

இரண்டு முறைகளை ஒப்பிடும்போது ஆய்வாளர்கள் நெடுங்காலம் பார்த்துவந்தது ‘ஒட்டுறவு’ என்ற எண்ணை. ஓர் அளவு ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா என்பதை அது சொல்லும். முழுக்கச் சேர்ந்தே ஏறினால் 1. நம் ஸ்கேனுக்கு அது கிட்டத்தட்ட 1. ஆனால் சரிசெய்யாத ஸ்கேன் ஆறு பன்றியில் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லையே!

1986-இல் மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இந்தப் பழக்கத்தை உலுக்கியது. அவர்கள் பேசியது பன்றியைப் பற்றி அல்ல. நோயாளி ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் இரண்டு கருவிகளைப் பற்றி. ஒட்டுறவு வேறு, ஒத்துப்போவது வேறு என்பதே அவர்கள் வாதம். பன்றிகளில் இதைச் சுலபமாகக் காணலாம். நம் பட்டியலில் 60 மில்லிமீற்றர் கொழுப்புள்ள ஒரு கிழட்டுப் பன்றியைச் சேர்த்தால் கண்ணின் ஒட்டுறவு உயர்ந்துவிடும். கண் கூர்மையானதால் அல்ல. பன்றிகளுக்குள் வேற்றுமை கூடியதால்.

அவர்கள் சொன்ன வழி எளிது. ஒவ்வொரு உடலுக்கும் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை எடு. அந்த வித்தியாசங்களின் சராசரி சாய்வைக் காட்டும். நூற்றில் 95 வித்தியாசங்கள் எந்த எல்லைக்குள் அடங்கும் என்று பார்த்தால் சிதறல் தெரியும். நம் கண் மதிப்புக்கு அந்த எல்லை ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் கூடவோ குறையவோ. அதாவது வியாபாரி 19 என்றால் உண்மை 14 ஆகவும் இருக்கலாம், 24 ஆகவும் இருக்கலாம். மெலிந்த பன்றிக்கும் கொழுத்த பன்றிக்கும் உள்ள தூரம் அது. இந்த எல்லை நமக்குப் போதுமா என்பதைப் புள்ளியியல் சொல்லாது. விற்பவரும் வாங்குபவரும் சொல்ல வேண்டும்.

அவர்கள் வலியுறுத்திய இன்னொன்றும் உண்டு. ஒரு முறையை இன்னொன்றோடு ஒப்பிடுமுன் அதை அதனோடேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே உடலை ஒரே ஆள் இரண்டு தடவை அளந்தால் ஒரே எண் வருகிறதா? இரண்டு பேர் அளந்தால்? கடைசி விலாவுக்குப் பதில் ஒரு விலா முன்னே போய்விட்டாலே அடிமட்டத்தின் எண் மாறும். தன்னோடு ஒத்துப்போகாத அளவு எதனோடும் ஒத்துப்போகாது.

அடிமட்டத்தை அளப்பது எது?

அடிமட்டத்தை ‘உண்மை’ என்று வைத்துக்கொண்டது ஒரு வசதிக்காகத்தான். வாங்குபவருக்கு வேண்டியது கொழுப்பின் தடிப்பு அல்ல, சதையின் கிலோ. அதை அறிய முடிவான வழி ஒன்றுதான்: கத்தி எடுத்து, சதை, கொழுப்பு, எலும்பு, தோல் என்று பிரித்து, தனித்தனியே நிறுப்பது. நேரமும் ஆட்களும் விழுங்கும் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாடு புதிய அளவுமுறைக்கு அனுமதி கேட்டால், குறைந்தது 120 வெட்டுடல்களைக் கொண்டு இந்தச் சோதனையில் தேறவேண்டும். முறை ஊகித்த சதைச் சதவீதத்துக்கும் பிரித்து நிறுத்த சதவீதத்துக்கும் இடையே வழக்கமான பிழை 2.5-க்கு மேல் போகக்கூடாது. நம் 62 கிலோ உடலில் அது ஒன்றரைக் கிலோ. அவ்வளவு கருவிகளும் சட்டமும் இருந்தும் அந்த ஒன்றரைக் கிலோவை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கத்திக்குப் பதில் சி.டி. ஸ்கேன் பயன்படுத்தவும் 2008-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி இடம் தந்தது. தண்ணீருக்கு 0 என்று வைத்தால் அதில் கொழுப்பு 0-க்குக் கீழே ஏறத்தாழ 100, சதை 0-க்கு மேலே ஏறத்தாழ 50, எலும்பு நூற்றுக்கணக்கில். மூன்றும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். நோர்வேயின் ஷேர்வோல்டும் அவர் குழுவினரும் 1981-இலேயே உயிருள்ள பன்றிகளை இப்படிப் படமெடுத்தார்கள்.

தண்ணீருக்குள் எடை

இயந்திரமே இல்லாத இன்னொரு முறையும் இருக்கிறது. கொழுப்பு தண்ணீரில் மிதக்கும், சதை அமிழும். ஆகவே ஓர் இறைச்சித் துண்டை வெளியிலும் தண்ணீருக்குள்ளும் நிறுத்தால், கொழுப்பின் பங்கை ஊகிக்கலாம். 1951-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பன்றி வெட்டுடல்களை இப்படி நிறுத்து முடிவுகளை வெளியிட்டார்கள்.

வாவிக்கரையில் இதைச் செய்ய நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல தண்ணீரைவிட இருபதில் ஒரு பங்கு அடர்த்தி கூடிய 5 கிலோப் பின்தொடை ஒன்று, நல்ல தண்ணீருக்குள் ஏறத்தாழ 240 கிராம் காட்டும். கடல்நீருக்குள் அதே தொடை 120 கிராம்தான் காட்டும். உப்புநீர் அதைக் கூடுதலாகத் தாங்குகிறது. மட்டக்களப்பு வாவியின் நீரோ ஆண்டு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. வடகீழ்ப் பருவமழையில் படுவான்கரையிலிருந்து வெள்ளம் இறங்கும்போது உப்புக் கரைந்துவிடும்; கோடையில் முகத்துவாரத்தின் வழியே வந்த கடல்நீர் ஆவியாகி உப்பேறும். மாரியில் அளந்ததையும் கோடையில் அளந்ததையும் ஒப்பிட்டால் பன்றியின் கொழுப்பையா, வாவியின் உப்பையா அளந்தோம் என்று சொல்ல முடியாது. தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பிச் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை.

டென்மார்க்கின் கணக்கு இங்கே செல்லுமா?

டென்மார்க் விவசாயிகள் 1887-இல் ஹோர்சன்ஸ் நகரில் தங்கள் முதல் கூட்டுறவுப் பன்றி மடுவத்தைத் திறந்தார்கள். 1907 முதல் பன்றிகளின் குட்டிகளைச் சோதனை நிலையங்களில் வளர்த்து, அறுத்து அளந்து, எந்தத் தாய்தகப்பனின் வம்சம் மெலிந்தது என்று தேர்ந்தெடுத்தார்கள். பல தலைமுறைத் தேர்வில் உருவான நீண்ட, மெலிந்த லாண்ட்ரேஸ் பன்றியின் உடலைக் கொண்டுதான் அவர்களின் கணக்குகள் அமைந்தன.

நம் ஊரின் கறுத்த நாட்டுப் பன்றி வேறு உடல். லாண்ட்ரேஸ், லார்ஜ் வைட் கலப்பு இன்னொன்று. முதுகில் ஒரே 18 மில்லிமீற்றர் இருந்தாலும் உள்ளே சதையின் பங்கு ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஐரோப்பாவிலேயே ஒரு நாட்டின் கணக்கை அடுத்த நாடு அப்படியே எடுப்பதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே அனுமதி. ஆகவே இறக்குமதி செய்த கருவி திரையில் சதைச் சதவீதம் என்று ஓர் எண்ணைக் காட்டினால், அந்த எண் எந்தப் பன்றியைப் பார்த்துக் கற்றது என்று கேட்க வேண்டும். அடிமட்டம் காட்டும் மில்லிமீற்றருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எதையும் ஊகிப்பதில்லை.

வாவிக்கரைக்கு எது?

2024-இன் கடைசியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்தது. இரத்தத்தாலும் இறைச்சியாலும் உடையாலும் கருவியாலும் பரவும் நோய் அது. கொட்டில் கொட்டிலாகப் போய் உயிருள்ள பன்றியை ஸ்கேன் செய்யும் ஒருவர், கிருமியையும் கொட்டில் கொட்டிலாகக் கொண்டுபோகக்கூடும். அறுத்தபின் அளக்கும் முறைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. முறையைத் தேர்வதில் துல்லியத்தோடு இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. மட்டக்களப்பின் சிறு மடுவங்களுக்கு ஒரு தொங்கு தராசும் உருக்கு அடிமட்டமும் போதும். தலையோடா தலையில்லாமலா என்பதை முதலிலேயே பேசிக்கொண்டு, சூட்டோடு நிறுத்து, கடைசி விலாவின் நேரே நடுக்கோட்டிலிருந்து ஆறரை சென்ரிமீற்றர் தள்ளி, தோலைச் சேர்த்து, எப்போதும் அதே இடத்தில் அளந்து, கொப்பியில் எழுத வேண்டும். ஒவ்வொரு உடலையும் இரண்டு பேர் தனித்தனியே அளந்தால் இன்னும் நல்லது.

அந்த மில்லிமீற்றரைச் சதைக் கிலோவாக மாற்றும் கணக்கை விவசாயி போட முடியாது. அதற்கு இங்குள்ள நாட்டுப் பன்றிகளையும் கலப்புப் பன்றிகளையும் கத்தியால் பிரித்து நிறுக்க வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானத் துறை இருக்கிறது; மாகாணத்துக்குக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் இருக்கிறது. சில பத்து வெட்டுடல்களில் இதைச் செய்து, ஒரு பக்க அட்டவணையாகத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு மிருக வைத்திய அலுவலகத்திலும் ஒட்டிவிட அவர்களால் முடியும். அதைச் செய்யும்படி கேட்கிறேன்.

அட்டவணை வரும்வரை பன்றி வளர்ப்பவர்கள் கொட்டிலடியில் மொத்த விலை பேசாமல், தொங்கும் உடலின் கிலோவுக்கு விலை பேசுங்கள். நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கொழுப்புக்கு விலை குறைப்பதாக வியாபாரி சொன்னால், அடிமட்டத்தை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.